வண்ணப் படத்தில் எத்தனை கிராம் உப்பு?

தொண்டிப் பக்கம் வனாமி இறால் வளர்க்கும் நண்பரிடம் குளத்து நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இயந்திரத்தை விற்க வந்த ஒருவர், மடிக்கணினியில் ஒரு வண்ணப் படத்தை ஓடவிட்டிருக்கிறார். "கம்ப்யூட்டரே சொல்கிறது சார், ஆக்சிஜன் இரண்டு மடங்கு கிடைக்கும்" என்றாராம். கம்ப்யூட்டர் தானாக எதையும் சொல்லாது. நாம் ஊட்டியதைத்தான் கக்கும். காற்றும் நீரும் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் போடும் இந்தக் கணிப்பை வைத்தே பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் எனக்கு எரிச்சல் சற்று அதிகம்.

காற்றும் நீரும் கலந்து ஓடுவதைக் கணிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நீரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறோம். ஒரு மில்லிமீட்டர் குமிழியின் வடிவத்தைப் பிடிக்க, அதன் குறுக்கே பத்துக் கட்டங்களாவது வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு கன மீட்டர் நீருக்கே ஒரு லட்சம் கோடி கட்டங்கள். ஓர் ஏக்கர் குளத்துக்கு எங்கே போவது? அதனால் குமிழிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எத்தனை பங்கு, நீர் எத்தனை பங்கு என்று சராசரி எடுக்கிறோம். குமிழியின் அளவு என்ன, இரண்டு குமிழிகள் எப்போது ஒன்று சேரும் என்பதையெல்லாம் சூத்திரமாக நாமே கொடுக்கிறோம். கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

நல்ல தண்ணீரில் இரண்டு குமிழிகள் முட்டினால் சட்டென்று ஒன்றாகிவிடும். கடல்நீரில் அவ்வளவு எளிதில் சேராது; பொடிக் குமிழிகளாகவே நிற்கும். அதே அளவு காற்று, பாதி விட்டமுள்ள குமிழிகளாக உடைந்தால் நீரைத் தொடும் பரப்பு இரு மடங்காகும். மேலே ஏறிவரவும் நேரம் பிடிக்கும். நல்ல தண்ணீர்ச் சூத்திரத்தைப் போட்டால் இந்த லாபம் கணக்கில் வராது.

நட்டமும் உண்டு. 20 டிகிரி நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரி கடல்நீரில் 6-ஐச் சற்றே தாண்டும். ஏரேட்டரின் திறனைக் குறிப்பதோ பெரும்பாலும் அந்த 20 டிகிரி நல்ல தண்ணீருக்கு! சித்திரை வெயிலில் நம் கடலோரக் குளங்களில் உப்பு ஏறுவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏரேட்டரை எந்த மூலையில், எந்தக் கோணத்தில் நிறுத்தினால் அடிக்கழிவு நடுவில் வந்து சேரும் என்பதை அது நன்றாகவே காட்டும். இந்தக் கணிப்பைப் போட உதவும் ஓபன்ஃபோம் மென்பொருள் இலவசம். ஆனாலும் நம் பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டில் விமான இறக்கையைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இரவு முழுவதும் மின்சாரம் தின்னும் குளம் பக்கத்திலேயே கிடக்கிறது.

யாராவது முன்வந்தால் கட்டம் பிரிப்பதை நான் கற்றுத்தருகிறேன். பாசியும் இறாலும் இரவெல்லாம் மூச்சுவிட்டு, ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும் அதிகாலை நான்கு மணிக்கு, மீட்டரோடு குளத்தில் இறங்கி அளப்பது அவர்கள் பொறுப்பு.