மாட்டுக்கு எண்ணெய் பருக்காதீர்கள்

பூச்சிமருந்து அடித்த வயல் வரம்பில் மேய்ந்த மாடுகள் சாவதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில், சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகளில் (வயல்வெளிகளில்) நாங்கள் கண்ணால் காண்கிற விஷயம்தான் அது. ஆனால் அந்தக் கட்டுரையில் முதலுதவி பற்றி ஒரு வரிகூட இல்லையே!

ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் நரம்பைச் சீராக வைத்திருக்கும் ஒரு நொதியத்தை முடக்கிவிடும். மாட்டுக்கு வாயால் நுரையும் எச்சிலும் நிற்காமல் வடியும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு இழுக்கும். அந்த நேரம் தேங்காய் எண்ணெய், பால் என்று வாயில் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விழுங்க முடியாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குள்தான் போகும். எண்ணெய் சில நஞ்சுகளை உடம்பு உறிஞ்சுவதைக் கூட்டியும் விடும். தோலில் பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். இந்த வகை நஞ்சுக்கு அட்ரோபின் ஊசி இருக்கிறது, பிந்தினால் பலனில்லை.

அப்புறம், பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒன்று: நாய் உண்ணிக்குப் பூசும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் பூசவே கூடாது. அதன் ஈரலால் அதை முறிக்க முடியாது, வலிப்பு வந்துவிடும்.

வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானைமாரே, மருந்தடிக்கும் நாளை மாட்டுக்காரருக்கு முதல்நாளே சொல்லிவிடுங்கள்.