தினமும் மழித்தால் தாடி அடர்த்தியாகாது

கீழுதட்டுக்கு நேர் கீழே சிறு குறுந்தாடி வைக்க விரும்பும் தம்பிக்கு, 'அந்த இடத்தை ஒரு மாதம் தினமும் மழியுங்கள், அடர்த்தியாக முளைக்கும்' என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். இது தவறு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

முடியின் பருமனையும் நிறத்தையும் தீர்மானிக்கும் வேர்ப்பை தோலுக்கு அடியில் இருக்கிறது. சவரக்கத்தி தொடுவதோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உயிரற்ற இழையை மட்டும். இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூராக இருக்கும். வெட்டியதும் அது தட்டையாகிவிடுவதால் விரலுக்குச் சொரசொரப்பாகவும் கண்ணுக்குக் கறுப்பாகவும் தெரிகிறது. அதைத்தான் அடர்த்தி என்று நம்பிவிடுகிறோம். 1928இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் இதைச் சோதித்து, மழிப்பதால் வளர்ச்சி மாறுவதில்லை என்று காட்டிவிட்டார்.

தினமும் ஒரே இடத்தை ஒட்ட மழித்தால் எரிச்சலும், முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும் கொப்புளமும்தான் மிஞ்சும். சுருள்முடிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

தம்பி, நான்கு வாரம் அந்த இடத்தைத் தொடாமல் விடுங்கள். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். பிறகு சுற்றிலும் மட்டும் மழித்து ஓரத்தை ஒழுங்குபடுத்துங்கள். இருபது வயதில் சிலருக்கு அங்கே முடி குறைவாக இருப்பது இயல்பே. முப்பதை நெருங்கும்போதுகூட நிரம்புவது உண்டு. ஆனால் காசு அளவில் திடீரென முடி உதிர்ந்திருந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். அதற்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள், வெங்காயம் தேய்த்து நாளைக் கடத்த வேண்டாம்.