தென்பெண்ணையின் பூச்சிகளை நாமும் எண்ண வேண்டும்

பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலக்கிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் படங்களைப் பகிர்ந்துவிட்டு, யார் குற்றம் என்ற பேச்சோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆற்றின் மேற்புறத்தில் பிழைத்துக்கொண்டு கீழ்ப்புறத்தில் சொந்தபந்தங்களை வைத்திருக்கும் பெங்களூர்த் தமிழர்களாகிய நாம், அந்த நீரின் நிலையைத் தொடர்ந்து பதிவு செய்யும் பொறுப்பில் பங்கேற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாட்டிலில் பிடித்த நீர், பிடித்த நேரத்தின் நிலையை மட்டுமே காட்டும். இரவில் திறந்துவிடப்பட்ட கழிவு விடிவதற்குள் கடந்து போயிருக்கலாம். ஆனால் ஆற்றுக் கற்களுக்கு அடியில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வாழும் சிற்றுயிர்கள் அந்தக் கழிவைத் தாங்கியே ஆக வேண்டும். சாக்கடையை உண்ணும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்போது, மேஃப்ளை பூச்சியின் இளம்பருவ உயிர்கள் முதலில் மறைகின்றன. மணலையும் இலைத்துணுக்குகளையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் கேடிஸ்ஃப்ளை புழுக்களில் பலவும் அவ்வாறே. நம் ரத்தத்தைப் போலவே ஹீமோகுளோபின் கொண்ட சிவப்பு ரத்தப்புழுக்களும், வண்ணமீன் கடைகளில் விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுக்களும் மட்டுமே மிஞ்சியிருந்தால், அந்த ஆறு நெடுநாளாக மூச்சுத் திணறுகிறது என்று பொருள்.

இந்தச் சிற்றுயிர்களை எண்ண வேண்டியவை வலை, வெள்ளைத் தட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகியவையே. நீரோட்டத்துக்கு எதிராக வலையைப் பிடித்து, அதற்கு முன்னால் கற்களைக் கிளறி, சிக்கியவற்றை வகை பிரித்து, ஒவ்வொரு வகையும் மாசை எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்து மதிப்பெண் இட்டபின் மீண்டும் ஆற்றில் விட்டுவிடலாம். தென்னாப்பிரிக்காவின் மினிசாஸ் முறை, பள்ளி மாணவர்களும் அடையாளம் காணும்படி உயிரினங்களை 13 தொகுதிகளாகச் சுருக்கியிருக்கிறது. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இத்தகைய உயிர்களைக் கொண்டு நீரை ஐந்து தரங்களாகப் பிரிக்கும் அளவுகோலை வகுத்துள்ளது.

வெளிநாட்டு மதிப்பெண்களை அப்படியே எடுத்தாள்வது தவறு. குளிர்ந்த ஓடைகளை விரும்பும் ஸ்டோன்ஃப்ளை பூச்சி, சமவெளியின் வெதுவெதுப்பான நீரில் இல்லாதது மாசுக்குச் சான்றாகாது. வெள்ளம் வடிந்த உடனே எண்ணினாலும் கணக்கு பிழையாகும். எந்த உலோகம் கலந்தது என்பதை ஆய்வகமே சொல்ல முடியும். சாக்கடை கலந்த பகுதிகளில் குழந்தைகளை இறக்கவே கூடாது என்பதையும் வலியுறுத்துகிறேன்.

ஹோஸ்கோட்டைப் பக்கத்திலும், வர்த்தூர் நீர் சேர்ந்த பிறகும், கெலவரப்பள்ளிக்குக் கீழேயும் கன்னடரும் தமிழரும் ஒரே வாரத்தில், ஒரே முறையில் எண்ண வேண்டும். எண்ணிக்கை திடீரெனச் சரிந்தால், இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் உடனே நீர் மாதிரி எடுத்து, முடிவைப் பொதுவில் வெளியிடக் கடமைப்பட்டிருக்க வேண்டும். அந்த நீரை வயலுக்குப் பாய்ச்சும் விவசாயிகளின் பெயரால் நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.