மூவாயிரம் பவுண்டுக்கு ஜாகுவாராம்!

முடியலடா சாமி! இங்கிலாந்தில் கோவென்ட்ரி, பர்மிங்காம் பக்கம் வேலைக்கு வருகிற நம்ம ஊர்ப் பையன்களுக்கு முதல் குளிர்காலம் முடிந்ததும் ஒரு வியாதி வந்துவிடுகிறது. "அண்ணா, 2005 ஜாகுவார் எக்ஸ்ஜே. லெதர் சீட், உள்ளே முழுக்க வால்நட் மரம், எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின். வெறும் 3,000 பவுண்டு! இந்தக் காசுக்கு ஊரில் பழைய ஸ்விஃப்ட்தான் வரும்."

அந்த ஸ்விஃப்ட்டைத் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துக்கொள்வார். இதை யார் பார்ப்பார்? புதிதாக வந்தபோது 40,000, 50,000 பவுண்டு கொடுத்து வாங்கிய கார் இது. இறங்கியது கார் விலை மட்டும்தான். ஸ்பேர் பார்ட்ஸ் இன்னும் அந்த 50,000 பவுண்டு காருக்குரிய விலையிலேயே விற்கிறது, மெக்கானிக்கின் கூலியோ இன்றைய கூலி. யானை வாங்கக் காசு சேர்த்தவன் தீனிக்குச் சேர்த்தானா?

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "இப்போ டாடா கம்பெனிதானே அண்ணா, பார்ட்ஸ் புனேயிலிருந்து வரவழைச்சிடலாம்." அட கடவுளே! டாடா இந்தக் கம்பெனியை ஃபோர்டிடமிருந்து வாங்கியதே 2008-ல். நீ பார்க்கிற கார் அதற்கு முன்பே பிறந்தது. கியர்பாக்ஸ் ஜெர்மனியின் இசட்எஃப் செய்தது. டீசல்தான் வேண்டும் என்றால் அந்த இன்ஜின் ஃபோர்டும் பிரான்ஸின் பெஜோ கம்பெனியும் சேர்ந்து செய்தது. புனேயில் யாரைப் போய்க் கேட்பாய்?

அப்புறம் அந்த வசனம்: "அலுமினியம் பாடி, துருவே பிடிக்காது." 2003-ல் வந்த அந்த எக்ஸ்ஜேயின் பாடி அலுமினியம்தான். ரிவெட்டும் பசையும் வைத்து இணைத்தது. சிவப்புத் துரு வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுமினியத்தை இரும்பு போல்ட் தொடுகிற இடத்தில், குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு தண்ணீரோடு சேர்ந்து இறங்கினால், மின்வேதி அரிப்பு ஆரம்பித்துவிடும். அரிபடுவது இரும்பல்ல, அலுமினியம். கதவின் கீழ் விளிம்பு, பானெட் ஓரம், வீல் ஆர்ச், எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார். பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாக நெருடும். சுரண்டினால் வெள்ளைத் தூள் உதிரும். அதைச் சரிசெய்கிறவன் இரும்பைத் தேய்த்த டிஸ்க்கை இதில் வைத்தால் போச்சு, அந்த இரும்புத் துகளே அடுத்த அரிப்புக்கு விதை. அதனால்தான் எல்லா பெயின்ட் கடையும் இந்த வேலையை எடுப்பதில்லை. எடுக்கிறவன் சொல்கிற தொகையைக் கேட்டால் உனக்கே கொப்புளம் வரும்.

சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. வயதாகி ரப்பர் வெடித்துக் கசிய ஆரம்பித்தால், அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் சாகும். இரவு நிறுத்திய கார் காலையில் மூக்கைத் தரையில் வைத்துப் படுத்திருக்கும். விற்கிறவனுக்கு இது தெரியாதா என்ன? நீ போய்ச் சேர்வதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து, தூக்கி நிறுத்தி, ஒரு ரவுண்டும் போய்விட்டு வந்திருப்பான். அதனால் போனவுடன் முதலில் பானெட் மேல் கை வை. சூடாக இருந்தால் கையை எடுத்துவிட்டுக் கிளம்பு. 1990-களின் கடைசியில் வந்த வி8 என்றால் இது இன்னும் முக்கியம். அதில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர்கள் பிளாஸ்டிக். அவை உடைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே காலி. அதற்கு முன்னறிவிப்பாக வருகிற கடகட சத்தம் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளில்தான் கேட்கும். சூடேற்றி வைத்தவன் அதைத்தான் மறைக்கிறான்.

எனக்கு உச்சகட்டக் கோபம் வருவது கியர்பாக்ஸ் விஷயத்தில். ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனி சொன்னது. கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் என்ன சொல்கிறது? 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்று என்கிறது! யார் ஆயுளைச் சொன்னார்கள்? இந்தக் கார்களெல்லாம் முதல் மூன்று வருடம் கம்பெனிக் காசில் ஓட்டப்போகிற மேனேஜருக்காகச் செய்யப்பட்டவை. நாலாவது ஓனர், அதாவது நீ, அவர்கள் கணக்கிலேயே இல்லை. ஆயில் மாற்றலாம் என்று போனால், ஃபில்டர் தனியாக வராது. பிளாஸ்டிக் ஆயில் பேனோடு சேர்த்தே வாங்க வேண்டும்.

இதற்கு நடுவில் பேட்டரி. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே போதும், டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் ஃபால்ட், பிரேக் ஃபால்ட், சஸ்பென்ஷன் ஃபால்ட் என்று வரிசையாக எரியும். விஷயம் தெரியாத கடைக்காரன் எலக்ட்ரானிக் மாட்யூல் மாட்யூலாக மாற்றி பில் போடுவான். முதலில் பேட்டரியை டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள் என்று தொண்டை வறளக் கத்தியாகிவிட்டது.

வரியும் இருக்கிறது. 2006 மார்ச் 23-ஆம் தேதிதான் எல்லைக்கோடு. அன்றோ அதற்குப் பிறகோ பதிவான, கார்பன் டை ஆக்சைடு அதிகம் கக்கும் பெரிய பெட்ரோல் கார்களுக்கு வருட வரி 700 பவுண்டைத் தாண்டும். முந்தின நாள் பதிவான அதே காருக்கு ஏறக்குறைய 300 பவுண்டு குறைவு. விளம்பரத்தில் '2006 மாடல்' என்று மட்டும் போடுகிறவன் எந்த மாதம் என்று ஏன் சொல்வதில்லை? அந்தக் கால டீசலை எடுத்துக்கொண்டு லண்டனுக்குள் போனால் மாசுக் கட்டணம் நாளுக்கு 12.50 பவுண்டு தனி. வி8-ஐ ஊருக்குள் ஓட்டினால் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம்.

இதைவிடப் பழசு என்றால் எளிமையாக இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். பாவம். பழைய எக்ஸ்ஜே6-ல் பின் பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இல்லை, நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கிறது. டிஸ்க் மாற்ற பின்பக்க ஆக்ஸில் அமைப்பையே மொத்தமாக இறக்குகிறவர்கள் உண்டு. ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவுக்குத் தனி பிரேக் ஃப்ளூயிட். கையில் கிடைத்த மினரல் ஆயிலை ஊற்றினால் பிரேக், சஸ்பென்ஷன் இரண்டின் ரப்பர் சீல்களும் ஒரேயடியாக ஊதிப்போகும். தலைக்குமேல் இருக்கிறது வேலை.

ஓட்டிப் பார்த்தால் மிதக்கும். பள்ளம் மேடு தெரியாது. அதுதான் எரிச்சலே. மட்டமான காராக இருந்தால் இவ்வளவு பேர் ஏமாற மாட்டார்கள்.

சரி, வாங்கியே தீருவேன் என்கிறாயா? அரசாங்க இணையதளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டால் 2005 முதலான எம்ஓடி டெஸ்ட் (கார் ஓடத் தகுதியானதா என்று வருடா வருடம் பார்க்கிற கட்டாயச் சோதனை) விவரம் இலவசமாக வரும். ஒரே கோளாறு வருடா வருடம் 'கவனிக்கவும்' என்று எழுதப்பட்டிருந்தால், முந்தைய ஓனர்கள் எல்லாம் அதை அடுத்தவன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 'நண்பருக்காக விற்கிறேன்' என்கிறவனின் வாசலில் இன்னும் நாலு கார் நின்றால் அவன் வியாபாரி. வியாபாரி தனியாள் வேஷம் போடுவது சட்டப்படி குற்றம். ரசீதில் 'உள்ளது உள்ளபடி விற்பனை' என்று எழுதிவிட்டால் தப்பிக்கலாம் என்று வியாபாரிகள் நினைக்கிறார்கள். செல்லவே செல்லாது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கும்போதே கோளாறு இருந்தது என்றால் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆனால் போனில் கேட்காதே, மெயிலில் எழுது. போனில் அவன் "அடுத்த வாரம் கொண்டு வா, பார்க்கலாம்" என்று அந்த 30 நாளையும் ஓட்டிவிடுவான்.