சீசன் டிக்கெட்டோடு கணக்கு முடிவதில்லை
சென்னைக்குள்ளிருந்து தாம்பரம் தாண்டிக் கூடுவாஞ்சேரிக்குக் குடிபோனால் மாதம் சுமார் 10,000 ரூபாய் மிச்சம் என்று இந்தக் கட்டுரையில் போட்டிருக்கும் கணக்கு வாடகைக்கும் ரயில் சீசன் டிக்கெட்டுக்கும் சரி, மற்றதற்கு இல்லை. 4 வருடமாக இங்கிருந்து நுங்கம்பாக்கம் ஆபீஸுக்குப் போய் வருகிறேன். கோடம்பாக்கத்தில் 19,000 கொடுத்த அதே அளவு வீடு இங்கே 9,500. ரயிலும் சல்லிசுதான். ஆனால் ஸ்டேஷன் வரை பைக்குக்குப் பெட்ரோல், அதை அங்கே நிறுத்த மாதக் காசு, விடிகாலை வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் வெறும் வயிற்றோடு ஓடி, ஆபீஸ் பக்கத்தில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி என்று தினமும் 80 ரூபாய். சாயங்காலம் பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் வண்டிகளில் நிறைய தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டியைத் தவறவிட்டால் தாம்பரத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்க வேண்டும். பொறுமை போனால் ஆட்டோ. போன மாதம் ஆட்டோவுக்கு மட்டும் 1,400. எல்லாவற்றையும் எழுதி வைத்துக் கூட்டியதில் கையில் 5,000கூடத் தேறவில்லை. மேலே கருத்து எழுதிய ஒருவர் 'பேசாமல் பைக்கிலேயே ஆபீஸ் போங்களேன்' என்கிறார். காலை எட்டரைக்குப் பெருங்களத்தூர் நெரிசலில் ஒருநாள் வந்து பார்க்கட்டும். இருந்தாலும் நான் திரும்பிப் போவதாக இல்லை. கோடம்பாக்கத்தில் லாரித் தண்ணீருக்கென்று வாடகைக்கு மேல் தனியாக வாங்கினார்கள், இங்கே கிணறு இருக்கிறது.