கிழவரைப் பார்த்து நான் சிரிக்கலாம், நீங்கள் சிரிக்கக் கூடாது

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். சனிக்கிழமை பொங்கல் விழாவில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸப்பில் வீடியோ வந்திருக்கும். 'புதிய தொழில் வாய்ப்புகள்' என்று பேச வந்த அந்தத் தம்பி, கலிபோர்னியா மலையில் கஞ்சா பயிர் செய்த என் கிழ நண்பரைப் பற்றி நான் இதே பக்கத்தில் எழுதிய கிறிஸ்துமஸ் உருண்டைக் கதையை எடுத்து, என் பேரையும் சொல்லி, சபையையே சிரிக்க வைத்தார். கடைசியில், "இந்த மாதிரி காமெடி பீஸுங்க கையில இருந்த தொழிலைத்தான் நாங்க இப்ப ஒழுங்குபடுத்திட்டிருக்கோம்" என்றார். பலத்த கைதட்டல். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டியது வீடியோவில் தெரிகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிழவர் கோமாளி இல்லை. கோமாளித்தனம் செய்திருக்கிறார், அதுவும் நிறைய. இரண்டும் ஒன்றில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 2009 கோடையில் ரெட்வுட் மரங்களைப் பார்க்கக் குடும்பத்தோடு 101 நெடுஞ்சாலையில் வடக்கே போனோம். கார்பர்வில் என்ற சிற்றூரைத் தாண்டியதும் ரேடியேட்டர் போய்விட்டது. பழைய பிக்கப் வண்டியில் வந்த ஒரு தாடிக்காரர், என் மகள் அழுவதைப் பார்த்து நிறுத்தினார். காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் இரண்டு ராத்திரி தன் வீட்டில் தங்க வைத்தார். என் மனைவி ரசம் வைத்துக் கொடுத்தாள். அன்று தொடங்கிய பழக்கம். அவர் என்ன பயிர் செய்கிறார் என்று மூன்றாம் முறை போனபோதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அந்த வாசனையை ஏதோ ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சும் காட்டுப் பிராணி) செத்துக் கிடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

வடக்குக் கலிபோர்னியாவின் ஹம்போல்ட், மென்டசினோ, டிரினிட்டி மூன்று கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மரம் வெட்டி முடித்து மொட்டையான மலைகள் 60களின் கடைசியிலும் 70களிலும் சல்லிசாக விலைக்கு வந்தன. வியட்நாம் போரையும் நகரத்தையும் ஒரே மூச்சில் வெறுத்த பிள்ளைகள் அங்கே குடியேறினார்கள். இவர் வந்தது 1973இல். தக்காளியும் பூசணியும் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். பிழைக்க முடியவில்லை. மெக்சிகோவில் கஞ்சா வயல்கள்மேல் அரசே பாராகுவாட் என்ற களைக்கொல்லி நஞ்சைத் தெளிக்கிறது என்று தெரிந்ததும் உள்நாட்டுச் சரக்குக்குக் கிராக்கி வந்தது. இவரும் நட்டார்.

அங்கேதான் முதல் கூத்து. அந்த மலைக்காரர்கள் பேர் வாங்கியது சின்செமில்லாவால், அதாவது விதையில்லாப் பூ. ஆண் செடியை அடையாளம் கண்டு, அது மகரந்தம் உதிர்ப்பதற்குள் பிடுங்கிவிட வேண்டும். மகரந்தம் படாத பெண் பூ காத்திருந்து காத்திருந்து பிசினாகச் சுரக்கும். காசு அந்தப் பிசினுக்குத்தான். இவர் பிடுங்க மறுத்துவிட்டார். "ஆண்பிள்ளைகளாகப் பொறுக்கியெடுத்துச் சாக அனுப்புவதைத்தானே வாஷிங்டனில் செய்தார்கள், நானும் அதையே செய்யவா?" என்று கேட்டாராம். செடி பூத்தது, காற்று அடித்தது. இவருடைய பயிர் மட்டுமல்ல, பள்ளத்தாக்கில் மூன்று பேருடைய பயிரும் விதை வைத்துப் போனது. மூவரும் கிளம்பி வந்தார்கள். எல்லோரும் அமைதிவாதிகள். ஒருவர் கையில் மண்வெட்டி. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டு விறகெல்லாம் இவர்தான் பிளந்தார்.

உருண்டைக் கதை உங்களுக்குத் தெரியும். 1983இல் கேம்ப் என்று கஞ்சாச் செடி ஒழிப்புப் படை தொடங்கி, மலைக்கு மேலே ஹெலிகாப்டர்கள் பறக்க ஆரம்பித்தன. மேலிருந்து பார்த்தால் தக்காளித் தோட்டமாகத் தெரியட்டும் என்று கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் சிவப்புக் கண்ணாடி உருண்டைகளைச் செடிக்குச் செடி கட்டினார். வெயில் பட்டு மொத்தத் தோட்டமும் அடுத்த மலைவரைக்கும் மின்னியது. ஒரு ஹெலிகாப்டர் வந்து இரண்டு முறை சுற்றியதும், ஆகஸ்டில், பூ முற்றாத செடிகளை எல்லாம் வெட்டிக் கோழிக்கூண்டில் திணித்தார். அது காட்டுத்தீக்குத் தண்ணீர் எடுக்க வந்த ஹெலிகாப்டர்.

தம்பி இதுவரை சொன்னார். இதற்குமேல் நானும் எழுதவில்லை, அது என் தப்பு. அந்த உருண்டைகளில் ஒன்று இன்னும் அவர் அடுப்படி ஜன்னலில் தொங்குகிறது, பாதிச் சாயம் உதிர்ந்து வெறும் கண்ணாடியாக. 1990இல் ராணுவச் சிப்பாய்களையே அந்த மலையில் கொண்டுவந்து இறக்கினார்கள், உள்நாட்டுப் பயிரைப் பிடுங்க. அவருடைய மகள், "அப்பா என்ன வேலை?" என்று டீச்சர் கேட்டால் "தச்சர்" என்று சொல்லப் பழகி வளர்ந்தவள். மனிதர் வாழ்நாளில் ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை.

இன்னொன்றும் தம்பிக்குத் தெரியாது. சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கஞ்சா பிரவுனி சுட்டுக் கொடுத்து, எழுபது வயதை நெருங்கும்போது 1992இல் மூன்றாவது தடவை கைதான பிரவுனி மேரி என்ற பெண்மணி உண்டு. அவருக்குச் சரக்குப் போனது இந்த மாதிரி மலைக்காரர்களிடமிருந்து, இலவசமாக. 1996இல் கலிபோர்னியாவில் மருத்துவக் கஞ்சாவுக்கு மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதி கொடுத்ததற்குப் பின்னால் இவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். தம்பி அப்போது ஊரில் மூன்றாங்கிளாஸ் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

"அப்போ கஞ்சாவை ஆதரிக்கிறீங்களா சார்?" என்று ஒருவர் வருவார், தெரியும். எனக்கு இரண்டாவது டம்ளர் காபிக்கே நெஞ்சு படபடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பக்கம் அது போகவே கூடாது. போதுமா?

"அவங்கதான் ஓடையை உறிஞ்சினாங்க, எலி மருந்து வச்சுக் காட்டு விலங்குகளைக் கொன்னாங்க" என்பார் இன்னொருவர். நடந்தது உண்மை. ஆனால் இவர் வைக்கவில்லை. எலிக்குக்கூட மருந்து வைக்க மனசு வராத ஆளுக்கு வருஷா வருஷம் பாதிச் செடி எலிக்குத்தான் போனது.

மூன்றாவது கேள்வியை என் மகளே கேட்டாள். வெள்ளைக்காரத் தாத்தா வளர்த்தால் சுவாரசியமான கதை, கறுப்பினப் பையன் பையில் வைத்திருந்தால் ஜெயிலா? 2010 கணக்குப்படி, கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட 3.73 மடங்கு அதிகமாகக் கைதானார்கள். இரண்டு தரப்பும் புகைப்பது ஏறக்குறைய ஒரே அளவு. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் இந்தக் கேள்வியைத் தம்பி கேட்கவில்லையே! ஊரில் கஞ்சா கேஸில் பிடிபட்ட பையன் மாவுக்கட்டோடு நிற்கிற படத்தைப் போட்டு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம்" என்று எழுதியவர்தானே இவர்? இங்கே அதே சரக்கை 'கம்மி' என்கிற ஜெல்லி மிட்டாயில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியில் பங்கு வைத்திருக்கிறார். அவர் தொழிலதிபர், கிழவர் காமெடி பீஸு. சரி.

தொழில் தெரியாமலா கிழவர் அழிந்தார்? 2016இல் வயது வந்தவர்களுக்குக் கஞ்சாவை அனுமதிக்கும் சட்டம் கலிபோர்னியாவில் வந்தபோது, ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட பெரிய தோட்டங்களுக்கு 2023 வரை லைசென்ஸ் கிடையாது, சிறு விவசாயி கால் ஊன்றிக்கொள்ளட்டும் என்றார்கள். 2017 கடைசியில் விதிகள் வந்தன. சிறு லைசென்ஸை ஒருவரே எத்தனை வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம். கதை முடிந்தது. கிழவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு விண்ணப்பம் கொடுக்கப் போனார். இந்தத் தொழிலில் அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டதற்கு '40' என்று எழுதினாராம். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதைக் காலியாக விட்டுவிடுங்களேன்" என்றாளாம். தண்ணீர்த் தொட்டிக்கு அனுமதி, மண்சாலைக்கு அறிக்கை, அதற்குமேல் பவுண்டு பூவுக்கு 148 டாலர் சாகுபடி வரி. 2021இல் விலை சரிந்தபோது, விற்ற காசு வரிக்கும் கூலிக்குமே பற்றவில்லை. நாற்பது வருடம் ஹெலிகாப்டருக்குத் தப்பியவரை ஒரு ரசீதுப் புத்தகம் பிடித்துவிட்டது. 2022இல் அந்த வரியை எடுத்தார்கள். அதற்குள் அவர் வேலியைப் பிரித்து விற்றிருந்தார்.

கோபம் தம்பிமேல் மட்டும்தானா என்று மனைவி கேட்டாள். இல்லை. அந்தக் கதையை லைக்குக்காக எழுதியவன் நான். 1,400 லைக். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனிக்கிழமை எல்லோரும் சிரித்தபோது, என் எழுத்துக்குக் கிடைத்த கைதட்டல் என்று ஒரு நொடி நினைத்துத்தான் நானும் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கிழவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தமே இல்லை. அப்புறம், "ஆண் செடிக் கதையைச் சொன்னானா?" என்றார். இல்லை என்றேன். "சே, அதுதான் நல்ல கதை" என்றார். பிறகு வழக்கம்போல, என் வீட்டுக் கறிவேப்பிலையில் ஒரு கன்று எப்போது கொண்டுவருவாய் என்று கேட்டார். ஆரஞ்சு மரத்தைக் கொல்லும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் தங்கும், எங்கள் பகுதியிலிருந்து அந்தச் செடியை வெளியே எடுத்துப்போகக் கூடாது, சட்டவிரோதம் என்று விளக்கினேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ராத்திரியில் வா," என்றார். "பாலம் தாண்டியதும் ஹெட்லைட்டை அணைத்துவிடு."