எங்கள் குடிக்கு உள்ள வருத்தமா?

மட்டக்களப்பில் ஒருவருக்கு முழங்கால் வீங்கினால் இரண்டு தீர்ப்புத்தான். வயது போனவர் என்றால் வாதம். இளம் பொடியன் என்றால், "அது அவங்கட குடிக்கே உள்ள வருத்தம்," அதாவது குலத்தோடு வந்த நோய். இந்த இரண்டாவது தீர்ப்போடுதான் எனக்குச் சண்டை.

குடி நமக்குத் தாய்வழி. மரபணு அப்படி இல்லை, பாதி தகப்பன் பக்கத்தாலும் வருகிறது. குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று டொக்டர் கேட்கும்போது தாய் பக்கத்தை மட்டும் எண்ணிப் பார்த்து "இல்லை" என்கிறோம். தகப்பனுடைய அண்ணன் முதுகு வளைந்து திரிந்தது கணக்கிலேயே வருவதில்லை.

சரி, மரபணு இருக்கிறது என்றே வைப்போம். எச்எல்ஏ-பி27 என்று ஒன்று உண்டு. முதுகெலும்பை இறுக்கும் மூட்டு நோயோடு அதற்குள்ள தொடர்பு 1973இல் வெளிவந்தது. ஆனால் அது உடம்பில் உள்ள பெரும்பாலானோருக்கு ஆயுளுக்கும் அந்த நோய் வருவதில்லை. பெரும்பாலும் வேறேதோ ஒன்று தூண்டிவிட வேண்டும்.

1962இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றில் ஷிகெல்லா கிருமியால் 602 பேருக்கு வயிற்றுளைவு. அவர்களில் 9 பேருக்குத்தான் பிறகு மூட்டு நோய் வந்தது. பல வருடம் கழித்து அந்த 9 பேரில் 5 பேரைத் தேடிப்பிடித்து இரத்தம் பார்த்தார்கள். 4 பேருக்கு பி27 இருந்தது. கிருமி எல்லோருக்கும் ஒன்றுதான், மூட்டில் பிடித்தது சிலருக்கு மட்டும்.

இனி நம்மூருக்கு வருவோம். மாரியில் வெள்ளம் ஏறினால் கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றாகிவிடுகிற இடங்கள் இங்கே எத்தனை! ஷிகெல்லா, சால்மொனெல்லா, கம்பைலோபாக்டர் எல்லாம் அந்த வழியால் வரக்கூடியவை. வயிற்றோட்டம் வந்து ஒன்று முதல் நான்கு கிழமைக்குள் மூட்டில் தொடங்கும். அதற்குள் வயிற்றோட்டத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

எனக்கு மச்சான் முறையான பொடியன் ஒருவன். காலையில் குதிக்கால் ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் கிணற்றடிக்குப் போவான். சிவந்த கண்ணுக்கு பாமசியில் வாங்கிய துளிமருந்து, வீங்கிய முழங்காலுக்குப் பரியாரியின் எண்ணெய். இரண்டும் ஒரே வருத்தம் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கிளினிக்கில் டொக்டர், "தம்பி, போன மாதம் வயித்தால போனதா?" என்று கேட்டதும் மாமிக்குக் கோபமே வந்துவிட்டது. "கால் நோவுக்கு வந்த பிள்ளைட்ட இதென்ன கேள்வி?"

அந்தக் கேள்விதான் முக்கியம். இந்த வகை வீக்கத்தில் மூட்டுக்குள் கிருமி வளர்வதில்லை. கிருமியோடு சண்டைக்குப் போன நம் எதிர்ப்புச் சக்தி மூட்டிலும், சிலவேளை கண்ணிலும் கை வைத்துவிடுகிறது. பலருக்குச் சில மாதங்களில் அடங்கும், சிலருக்கு இழுத்தடிக்கும். எண்ணெய் பூசிக் காலம் கடத்தாமல் நேரத்தோடு காட்ட வேண்டும்.

பிள்ளைகளின் தொண்டை நோவையும் சும்மா விடாதீர்கள். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி என்றால் இரண்டு மூன்று கிழமையில் மூட்டு மூட்டாக நோ மாறிமாறி வரலாம். சிலருக்கு அதோடு இதய வால்விலும் பழுது விழும். மூட்டு நோ மாறிவிடும், வால்வில் விழுந்த பழுது நிற்கலாம்.

என்னை எரிச்சலூட்டும் இன்னொன்று. பி27 'பொசிட்டிவ்' என்று ஒரு துண்டு வந்ததும் கலியாணப் பேச்சை நிறுத்துகிறவர்கள். அந்தத் துண்டு நோய்ச் சான்றிதழ் இல்லை ஐயா! அதே ஆட்கள்தான் வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்கு குளோரின் போட பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் "தேத்தண்ணி மணக்கும்" என்று கேற்றைப் பூட்டுகிறார்கள். மணந்தால் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள், மணமும் போகும், மிச்சக் கிருமியும் சாகும்.